சிவில் (ஆங்கிலப் பெயரடை)

சிவில் என்பது ஆங்கில மொழியில் வழங்கும் ஒரு பெயரடை ஆகும். குடிமக்களைச் சார்ந்த, ஒரு நாட்டின் குடிமக்களுக்கு இடையே நிகழ்கின்ற, படைத்துறை சாராத, குற்றவியல் சாராத, சமயம் சாராத, முரட்டுத்தனம் இல்லாத எனப் பல பொருள்களில் இச்சொல் ஆளப்படுகின்றது. தமிழில் இதற்கு ஒரே நேர்ச்சொல் இல்லை. துறைக்கும் நாட்டுக்கும் ஏற்ப குடிமை, குடியியல், குடிசார், உரிமையியல், உள்நாட்டு முதலிய சொற்கள் வழங்குகின்றன. பொது சிவில் சட்டம் போன்ற சில தொடர்களில் ஆங்கிலச் சொல்லே ஒலிபெயர்ப்பாக நிலைத்துவிட்டது. இதனால் ஆங்கில நூல்களைப் பயிலும் மாணவர், ஒரு பக்கத்தில் போரையும் அடுத்த பக்கத்தில் பணிவையும் ஒரே சொல் சுட்டுவதைக் கண்டு குழம்புவதுண்டு.

சொற்பிறப்பு

இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் கீவிலிஸ் என்னும் பெயரடை ஆகும். குடிமகன் எனப் பொருள்படும் கீவிஸ் என்னும் பெயர்ச்சொல்லில் இருந்து இது தோன்றியது. பிரெஞ்சு மொழி வழியாக 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. நகரைக் குறிக்கும் சிட்டி, குடிமகனைக் குறிக்கும் சிட்டிசன், நாகரிகத்தைக் குறிக்கும் சிவிலைசேசன் ஆகிய சொற்களும் இதே வேரில் கிளைத்தவை.

உரோமில் கீவிஸ் என்பது ஊரில் வாழ்வோர் அனைவரையும் குறிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அது ஒரு சட்டநிலை. அடிமைகளும் அயலாரும் அதனுள் அடங்கார். பேரரசன் கரகல்லா கி.பி. 212 இல் பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ அனைவருக்கும் உரோமக் குடியுரிமை வழங்கும் வரை, அந்நிலை பலருக்கு எட்டாததாகவே இருந்தது. ஆகவே கீவிலிஸ் என்னும் பெயரடையின் உட்கிடை "மக்கள் சார்ந்த" என்பதைவிட "உரிமை உடையோர் சார்ந்த" என்பதற்கே நெருக்கமானது. இன்றைய சட்டப் பொருள்கள் பலவும் இங்கிருந்தே புறப்பட்டன.

குடிமகனில் இருந்து பணிவுக்கு

குடிமகனைக் குறித்த சொல் எவ்வாறு பணிவைக் குறிக்க வந்தது என்பதே பலருக்கும் எழும் முதல் ஐயம். அதற்கான விடை உரோமிலேயே கிடைக்கின்றது. பேரரசர்களின் வரலாற்றை எழுதிய சுவெட்டோனியஸ், சில பேரரசர்களைக் கீவிலிஸ் என்று பாராட்டுகின்றார். வெசுபாசியான் அவர்களுள் ஒருவன். தன்னை ஆண்டானாகவும் பிறரை ஏவலராகவும் கருதாமல், குடிமக்களிடையே தானும் ஒரு குடிமகன் போல நடந்துகொண்டான் என்பதே அப்பாராட்டின் பொருள். அதாவது, இங்கு பணிவு என்பது தாழ்ந்தவன் உயர்ந்தவனுக்குக் காட்டும் வணக்கம் அன்று. சமமானோர் ஒருவருக்கொருவர் காட்டும் மதிப்பாகும்.

மறுமலர்ச்சிக் காலத்தில் இப்பொருள் வேறு திசையில் வளர்ந்தது. எராசுமசு 1530 இல் சிறுவர்களின் நடத்தை பற்றி இலத்தீனில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். உண்ணும் முறை, உடுக்கும் முறை, பிறரைப் பார்க்கும் முறை முதலியவற்றை விளக்கிய அந்நூலின் தலைப்பில் கீவிலிட்டாஸ் என்னும் சொல் இடம்பெற்றது. நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பள்ளிகளில் பயிலப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திலும் சிவில் என்பதற்கு நல்லொழுக்கம் உள்ள, பண்பட்ட என்னும் பொருள்கள் உறுதிப்பட்டன. பண்படாதோர் எனத் தாம் கருதிய பிற மக்களை இகழ்வதற்கும் ஐரோப்பியர் இதே சொற்குடும்பத்தைப் பயன்படுத்தினர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் சான்சன், 1772 இல் தம் அகராதியின் புதிய பதிப்பை ஆயத்தம் செய்தபோது, சிவிலைசேசன் என்னும் சொல்லைச் சேர்க்க மறுத்துவிட்டார். அப்பொருளுக்குச் சிவிலிட்டி என்னும் பழைய சொல்லே போதும் என்பது அவர் கருத்து. அருகிலிருந்த பாசுவெல் அதற்கு உடன்படவில்லை. காலம் பாசுவெல் பக்கமே சாய்ந்தது.

இன்றைய ஆங்கிலத்தில் சிவில் என்பது பெரிய பாராட்டு அன்று. ஒருவரைச் சிவில் என்றால், அவர் அன்பாக இருந்தார் என்று பொருளில்லை. முகம் முறியாமல் பேசினார் என்பதே பொருள். மணமுறிவு பெற்ற இருவர், அல்லது வழக்காடும் அண்டை வீட்டார், சந்திக்கும்போது சண்டையிடாமல் விடைபெற்றால் அச்சந்திப்பைச் சிவில் என்பர். மரியாதை, கனிவு, உபசாரம் ஆகியவற்றைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உள்ளன. சிவில் அவற்றின் கீழெல்லை. எனவே இதனைத் தமிழில் "பணிவான" என்று பெயர்ப்பது பல இடங்களில் மிகையாகிவிடும். "முகம் கொடுத்துப் பேசுதல்" என்னும் வழக்கு சில வேளைகளில் இன்னும் பொருந்தும்.

தமிழிலும் இதற்கு இணையான ஒரு வளர்ச்சி உண்டு. நாகரிகம் என்னும் சொல் நகரத்தோடு தொடர்புடையது. திருக்குறளில் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அது இடம்பெறுகின்றது. அங்கு அது உடையையோ வசதியையோ குறிக்கவில்லை. பிறர் மனம் நோகாமல் நடக்கும் பண்பையே குறிக்கின்றது. மாறாக, குடிமை என்று பெயரிடப்பட்ட 96ஆம் அதிகாரம் நற்குடியில் பிறந்தோரின் இயல்பைப் பற்றியதே அன்றி, இன்றைய பொருளில் குடிமகனைப் பற்றியது அன்று. சிவில் என்பதற்குக் குடிமை என்பதை ஈடாக்கியோர் பழைய சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றியுள்ளனர்.

எதிர்நிலையால் பொருள் அறிதல்

ஒரு தொடரில் சிவில் என்பதன் பொருளை அறிய எளிய வழி, அது எதற்கு எதிராக நிற்கின்றது என்று பார்ப்பதாகும். குற்றவியலுக்கு எதிராக நின்றால் அது உரிமையியல். படைக்கு எதிராக நின்றால் படைசாராதது. திருச்சபைக்கு எதிராக நின்றால் அரசு சார்ந்தது. சிவில் திருமணம் என்பது சமயச் சடங்கின்றி அரச பதிவாளர் முன் நடைபெறும் பதிவுத் திருமணமே. வெளிநாட்டுடன் நடக்கும் போருக்கு எதிராக நின்றால் உள்நாட்டினது. முரட்டுத்தனத்துக்கு எதிராக நின்றால் பண்பானது. சொல்லின் உள்ளே இப்பொருள்கள் தனித்தனியே அடுக்கப்பட்டிருக்கவில்லை. எதிரே நிற்கும் சொல் மாறும்போது இதன் பொருளும் மாறுகின்றது.

சட்டத்தில்

சட்டத்துறையில் இச்சொல்லுக்கு இரு பொருள்கள் உள்ளன. இரண்டையும் கலந்துவிடுவது மாணவர்களிடையே பரவலாகக் காணப்படும் பிழையாகும்.

முதலாவது, உரோமச் சட்ட மரபில் வந்த, தொகுக்கப்பட்ட சட்டக்கோவைகளை அடிப்படையாகக் கொண்ட சட்ட முறைமை. பேரரசன் சசுட்டினியன் 6ஆம் நூற்றாண்டில் தொகுப்பித்த சட்டத் தொகுதியே இதன் ஊற்று. 1804 இல் வெளியான நெப்போலியனின் சட்டக்கோவையும், 1900 இல் நடைமுறைக்கு வந்த செருமானியச் சட்டக்கோவையும் இம்மரபின் பெரும் படைப்புகள். இதற்கு எதிராக நிற்பது, முன்தீர்ப்புகளுக்கு முதன்மை தரும் இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபு. ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோம டச்சுச் சட்டம் இலங்கையில் இன்றும் பல விடயங்களில் செல்லுபடியாகின்றது. கோவாவில் 1867 ஆம் ஆண்டின் போர்த்துக்கீசச் சட்டக்கோவை குடும்பம், சொத்துரிமை ஆகியவற்றில் தொடர்ந்து நிலவுகின்றது. ஆங்கிலத்தில் சிவிலியன் என்னும் சொல் முதலில் இவ்வுரோமச் சட்டத்தில் வல்லவரையே குறித்தது. படையில் சேராதவர் என்னும் இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் பெருவழக்காயிற்று.

இரண்டாவது, ஒரே நாட்டின் சட்டத்துக்குள் குற்றவியல் அல்லாத பகுதி. சொத்து, ஒப்பந்தம், கடன், மணமுறிவு, இழப்பீடு முதலியன இதில் அடங்கும். தமிழகத்தில் இது உரிமையியல் என்றும் இலங்கையில் குடியியல் என்றும் வழங்கும். இந்தியாவில் 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும், இலங்கையில் 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையும் இவ்வகை வழக்குகளை நெறிப்படுத்துகின்றன. இந்தியாவின் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் நீக்கப்பட்டு அவற்றுக்கு ஈடான புதிய சட்டங்கள் 2024 சூலை 1 இல் நடைமுறைக்கு வந்தபோதும், 1908 ஆம் ஆண்டின் இச்சட்டம் நீக்கப்படவில்லை.

இரு வகை வழக்குகளுக்கும் உள்ள வேறுபாடு பெயரளவில் நின்றுவிடுவதில்லை. குற்றவியல் வழக்கை அரசு நடத்துகின்றது. தண்டனையே அதன் நோக்கம். குற்றம் நியாயமான ஐயத்துக்கு அப்பால் மெய்ப்பிக்கப்பட வேண்டும். உரிமையியல் வழக்கைப் பாதிக்கப்பட்டவரே தொடுக்கின்றார்; உரிமையை நிலைநாட்டுவதோ இழப்பை ஈடுசெய்வதோ அதன் நோக்கம்; எத்தரப்பின் கூற்று நிகழ்ந்திருக்க வாய்ப்பு மிகுதி என்று கண்டால் போதும். இதனாலேயே ஒரே நிகழ்ச்சியில் இரு வேறு முடிவுகள் வரக்கூடும். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. சே. சிம்ப்சன் இரட்டைக் கொலை வழக்கில் 1995 இல் விடுதலை செய்யப்பட்டார். அதே இறப்புகளுக்காக உறவினர் தொடுத்த உரிமையியல் வழக்கில் 1997 இல் அவரே பொறுப்பாளி எனக் கண்ட நடுவர் குழு, 3 கோடியே 35 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கப் பணித்தது. இத்தீர்ப்புகள் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. இரண்டிலும் கேட்கப்பட்ட கேள்வி வேறு.

சட்டத்தில் வழங்கும் தொடர்களுள் சிவில் இறப்பு என்பது தனித்து நோக்கத்தக்கது. இடைக்கால ஐரோப்பாவில் கொடுங்குற்றம் புரிந்தோர் உயிருடன் இருக்கும்போதே சட்டத்தின் பார்வையில் இறந்தவராகக் கருதப்பட்டனர். அவர்களால் சொத்து வைத்திருக்கவோ வழக்குத் தொடுக்கவோ இயலாது. துறவு பூண்டு மடம் புகுந்தோரும் அவ்வாறே. பிரான்சில் இம்முறை 1854 இல்தான் ஒழிக்கப்பட்டது. இந்திய நீதிமன்றங்களில் இத்தொடர் வேறொரு சூழலில் வழங்குகின்றது. ஒருவரைப் பற்றி இயல்பாகச் செய்தி அறிந்திருக்க வேண்டியோர் 7 ஆண்டுகள் எதுவும் கேள்விப்படவில்லை எனில், அவர் உயிருடன் உள்ளார் என்று கூறுவோரே அதனை மெய்ப்பிக்க வேண்டும். 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த இவ்விதி புதிய சட்டத்திலும் தொடர்கின்றது. காணாமற்போனவரின் மனைவியோ மக்களோ ஓய்வூதியமும் சொத்தும் கோரி நீதிமன்றம் செல்லும்போது இவ்விதியையே நாடுகின்றனர்.

உரிமைகள்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

சிவில் உரிமைகள் என்பன சட்டத்தின் முன் சமமாக நடத்தப்படுவதற்கும், பொது இடங்களையும் வாய்ப்புகளையும் பாகுபாடின்றிப் பெறுவதற்கும் உள்ள உரிமைகள் ஆகும். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நடத்திய நெடும் போராட்டத்தின் விளைவாக 1964 சூலை 2 இல் கையொப்பமான சட்டம் இப்பெயரையே தாங்கியது. உணவகம், தங்கும் விடுதி, வேலைவாய்ப்பு முதலியவற்றில் நிறப் பாகுபாட்டை அது தடை செய்தது. அம்மக்கள் 1868 முதலே அரசியலமைப்பின்படி அமெரிக்கக் குடிமக்களாக இருந்தனர் என்பது இங்கு முக்கியம். குடியுரிமை இருந்தது, குடிமக்களுக்கு உரிய உரிமைகளே மறுக்கப்பட்டன.

இவ்வேறுபாட்டைத் தமிழக வழக்கு போதிய அளவு காட்டுவதில்லை. இந்திய நாடாளுமன்றம் 1955 இல் இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று, யார் இந்தியக் குடிமகன் என்பதை வரையறுக்கும் குடியுரிமைச் சட்டம். மற்றொன்று தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். கோயில், கிணறு, கடை, உணவகம் ஆகிய இடங்களில் தீண்டாமையின் பெயரால் ஒருவரைத் தடுப்பதை இரண்டாம் சட்டம் குற்றமாக்கியது. 1976 இல் இது திருத்தப்பட்டு, சிவில் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்னும் பொருள்தரும் புதிய ஆங்கிலப் பெயரைப் பெற்றது. தமிழில் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என வழங்கலாயிற்று. ஆக, நாட்டின் உறுப்பினர் தகுதி பற்றிய சட்டமும், தேநீர்க் கடையில் தனிக் குவளை வைப்பதைத் தண்டிக்கும் சட்டமும் தமிழில் ஏறத்தாழ ஒரே பெயரைத் தாங்குகின்றன. தலைப்பை மட்டும் படிக்கும் ஒருவர், தமக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் இதுவே என்று அறியாமலே கடந்துவிடக் கூடும்.

இலங்கைத் தமிழில் இச்சிக்கல் குறைவு. அங்கு ஒரு நாட்டின் உறுப்பினர் தகுதி நெடுங்காலம் பிரசாவுரிமை எனப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் சட்டத்தால் மலையகத் தமிழருள் பெரும்பாலோர் இழந்தது பிரசாவுரிமையை. மாறாக, 1980 இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவிடம் இருந்து பறிக்கப்பட்டவை குடியியல் உரிமைகள். அவர் இலங்கைப் பிரசையாகவே நீடித்தார்; ஆனால் தேர்தலில் போட்டியிட இயலவில்லை. 1986 இல் அவை மீள வழங்கப்பட்டன. இரு இழப்புகளுக்கும் இரு சொற்கள் இருந்தமையால் செய்தித்தாள் படித்தோருக்கு ஐயம் எழவில்லை. 1966 ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையையும் இலங்கையர் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றியது என்றே குறிக்கின்றனர். தமிழகப் பாடநூல்களும் இச்சொல்லை ஏற்பது நன்று.

போரும் சட்டமறுப்பும்

ஒரே நாட்டின் மக்கள் இரு தரப்பாகப் பிரிந்து பொருதும் போரை ஆங்கிலத்தில் சிவில் போர் என்பர். இங்கு பணிவு என்னும் பொருளுக்கு இடமே இல்லை. குடிமக்களுக்கு இடையிலான போர் என்னும் இலத்தீன் தொடரின் நேர் மொழிபெயர்ப்பே இது. யூலியசு சீசர் தாம் பொம்பேயுடன் நடத்திய போரைப் பற்றி எழுதிய நூலும் இப்பெயராலேயே அறியப்படுகின்றது. உரோமர் வெற்றி விழா எடுப்பதில் பெருவிருப்பம் உடையவர்கள். எனினும் சக குடிமக்களை வென்றதற்காக வெற்றி விழா எடுப்பது முறையன்று என்பது அவர்களின் மரபு. ஆங்கிலேயரின் 1642 முதல் 1651 வரையிலான போர்களும், அமெரிக்காவின் 1861 முதல் 1865 வரையிலான போரும் இப்பெயர் பெற்றவை. தமிழில் உள்நாட்டுப் போர் என்பது பொருத்தமான ஈடு. ஆயினும் ஒரு போரை இவ்வாறு அழைப்பது, இரு தரப்பும் ஒரே நாட்டினர் என்பதை ஒப்புக்கொள்வதாகும். பிரிந்து செல்ல விழைந்த தரப்பினர் இப்பெயரை விரும்புவதில்லை. அமெரிக்கத் தென் மாநிலங்களில் பலர் அதனை மாநிலங்களுக்கு இடையிலான போர் என்றே அழைத்தனர். இலங்கையில் 2009 இல் முடிவுற்ற போருக்கும் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வழங்குகின்றன.

சட்டமறுப்பு என்று தமிழில் வழங்கும் போராட்ட முறையின் ஆங்கிலப் பெயரிலும் சிவில் என்னும் அடை உண்டு. என்றி டேவிட் தோரோ 1849 இல் வெளியிட்ட கட்டுரையின் முதல் தலைப்பு சிவில் அரசுக்கு எதிர்ப்பு என்னும் பொருளுடையது. அவர் இறந்தபின் 1866 இல் வெளியான தொகுப்பிலேயே இன்று அறியப்படும் தலைப்பு வந்தது. தோரோவிடம் அவ்வடை அரசாட்சியைக் குறித்தது. காந்தி அதே அடையில் பண்பு என்னும் பொருளையும் வலியுறுத்தினார். சட்டத்தை மறுப்பவர் பகைமையின்றி, வெளிப்படையாக, எதிரியிடம் மரியாதை தவறாமல் மறுக்க வேண்டும்; அதற்குரிய தண்டனையையும் ஏற்க வேண்டும். அவ்வாறில்லாத மறுப்பு அவர் நோக்கில் சிவில் ஆகாது. 1922 பெப்ரவரியில் சௌரி சௌராவில் இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் கொல்லப்பட்டதும், நாடெங்கும் தொடங்கவிருந்த இயக்கத்தை அவர் நிறுத்தியதற்கு இதுவே காரணம். தமிழ்ச் சொல்லில் மறுப்பு மட்டும் நிற்க, அவர் மிகுதியாக வற்புறுத்திய அடை விடுபட்டுப் போனது.

1930 ஏப்ரலில் இராசகோபாலாச்சாரி திருச்சிராப்பள்ளியில் இருந்து வேதாரண்யத்துக்கு உப்பு அள்ள நடந்தபோது, தொண்டர்களுக்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்தார். அவர் இந்திய சிவில் பணியைச் சேர்ந்தவர். ஒரே அடைமொழி அன்று இரு தரப்பிலும் நின்றது.

பணியும் பொறியியலும்

கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஊழியருள் படையில் இல்லாதோரைப் பிரித்துக் காட்டவே சிவில் என்னும் அடையைப் பயன்படுத்தியது. இவ்வழக்கே பின்னர் பிரித்தானிய அரசு நிருவாகத்துக்கும் பெயராயிற்று. சென்னையில் இவ்வூழியருக்கு உள்ளூர் மொழிகளைக் கற்பிக்க 1812 இல் புனித சார்ச் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. அதற்குக் காரணராக விளங்கிய எல்லிசு, திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816 இல் எடுத்துரைத்தவர். நியமனத்துக்குப் போட்டித் தேர்வு 1855 இல் இலண்டனில் தொடங்கியது. இலங்கையில் இப்பணி 1963 இல் கலைக்கப்பட்டு நிருவாக சேவையாக மாற்றப்பட்டது. இந்தியாவில் குடிமைப் பணித் தேர்வு என்னும் பெயரில் அவ்வடை நீடிக்கின்றது.

பொறியியலிலும் கதை இதுவே. கோட்டையும் முற்றுகைக் கருவியும் அமைக்கும் படைத்துறைப் பொறியாளரிடம் இருந்து தம்மை வேறுபடுத்திக் காட்ட, எடிசுடோன் கலங்கரை விளக்கத்தை 1759 இல் கட்டி முடித்த சான் சிமீட்டன் தம்மைச் சிவில் பொறியாளர் என்று அழைத்துக்கொண்டார். பிரித்தானியக் குடிசார் பொறியாளர் நிறுவனம் 1818 இல் தோன்றியது. தமிழகத்தில் இப்பாகுபாடு தெளிவாக நிற்கவில்லை. முல்லைப் பெரியாறு அணையை 1895 இல் நிறைவு செய்த பென்னிக்குயிக்கும், காவிரி, கொள்ளிடப் பாசனப் பணிகளைச் செய்த ஆர்தர் காட்டனும் படைத்துறைப் பொறியாளர்களே.

காலக் கணிப்பில்

வானியலில் இவ்வடை, அன்றாட வாழ்க்கைக்கு உரிய கணக்கைக் குறிக்கும். சிவில் நாள் நள்ளிரவில் தொடங்கும். வானியலாளரோ இரவு நேரக் கவனிப்பு இரு தேதிகளாகப் பிளவுபடாதிருக்க 1924 முடிய நண்பகலிலேயே நாளைத் தொடங்கினர். சூரியனின் மையம் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை வரை உள்ள நேரம் சிவில் அந்தி எனப்படும். வானம் தெளிவாக இருந்தால் இந்நேரத்தில் விளக்கின்றி வெளிவேலைகளைச் செய்ய இயலும். தமிழகம், இலங்கை போன்ற நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இது 20 முதல் 25 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.